முச்சந்தியில் நாங்கள் ஒளித்த டப்பா

பாறை இடுக்கில் கையை விடுவதற்கு முன்னால் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை ஆட்ட வேண்டும். உள்ளே எதுவும் சீறவில்லை என்றால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கை. என் மகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. குச்சியை விட்டு ஆட்டிவிட்டு, "உள்ள பாம்பு இருந்தா அதுக்குக் குச்சி மேல கோவம் வருமாப்பா, நம்ம மேல வருமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் நாலடி பின்னால் தள்ளி நின்றோம்.

பிள்ளைகளே, நான் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பத்து வீடு ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கிற வரிசையை நாங்கள் லயம் என்போம். இதில் வருகிற எல்லோரும் இன்றைக்கும் அதே லயத்தில்தான் இருக்கிறோம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும்.

அந்த விளையாட்டு எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு தப்பான எண்ணத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் கடைக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டுப் பாலத்துச் சுவரில் ஒரு வெளியூர் ஜோடி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். மோதிரம் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து நாங்களும் குனிந்து தேடினோம். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் என் மகள்தான் கல் இடுக்கிலிருந்து மாத்திரை டப்பா அளவில் ஒன்றை எடுத்தாள். அந்தப் பெண் கை தட்டினாள். டப்பாவுக்குள் சுருட்டி வைத்த ஒரு தாள். அதில் பத்துப் பதினைந்து பெயர்கள். சில பெயர்கள் எந்த நாட்டு எழுத்து என்றே தெரியவில்லை.

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் முழுக்க யாராவது சின்ன டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நெட்டில் போட்டுவிடுகிறார்கள். நாம் அந்த எண்களைப் போனில் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடி வைத்துவிட வேண்டும். உள்ளே சின்னச் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைக்க வேண்டும். பரிசு கிடையாது. இன்னொரு கட்டுப்பாடு: விளையாட்டு தெரியாத ஆள் பார்க்கும்போது எடுக்கக் கூடாது, வைக்கக் கூடாது. யாராவது வந்தால் வேறு வேலையாக நிற்கிற மாதிரி நிற்க வேண்டும்.

எனக்கு நடிக்க வராது. ஒரு தடவை கல்லடியில் கை விட்டுக்கொண்டிருக்கும்போது கங்காணி வந்துவிட்டார். சட்டென்று ஷூ லேஸ் கட்டுகிறவன் மாதிரி குனிந்தேன். காலில் ரப்பர் செருப்பு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, செருப்புக்கு நாடி பாக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஏழு டப்பா கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு பயம். ஒன்று நீர்வீழ்ச்சிக்கு மேலே. கால் வழுக்கினால் ஆளே கிடைக்காது. ஒன்றைத் திறந்தவுடன் எறும்பு கையெல்லாம் ஏறிற்று. ஒன்றில் அட்டை கடித்தது தெரியாமல் வீட்டுக்கு வந்து, காதுக்குப் பின்னால் ரத்தம் வழிவதை மனைவி பார்த்துக் கத்தினாள். ஒன்றைத் திறந்தபோது உள்ளே இருந்த தாள் ஈரத்தில் ஊறிக் கஞ்சியாகக் கிடந்தது. எத்தனை பேர் எங்கிருந்தெல்லாமோ வந்து எழுதின பெயர்கள், எல்லாம் கஞ்சி.

ஆனால், கிடைக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே. ட்ரையர் மெஷின் மூன்று நாள் மக்கர் பண்ணி நாலாம் நாள் நம் கையால் ஓடத் தொடங்கினால் ஒரு சந்தோஷம் வரும். அதே சந்தோஷம்.

எட்டாவது டப்பா பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்கு மேலே, சோலை ஓரத்தில். காடு என்று நாங்கள் சொல்வது தேயிலைக் காட்டை. அதற்கு மேலே இருப்பது நிஜக் காடு. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது மீட்டர் என்று போன் காட்டியது. முன்னால் ஒரு பாறை. அந்தப் பாறைக்கு அடியில்தான் இருக்கும் என்று மகள் சொன்னாள். நான் குச்சியைத் தேடினேன். நிமிர்ந்தபோது பாறை காதை ஆட்டியது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓட முடியாது. இடுப்பளவுக்குப் பின்னிக்கொண்டு கிடக்கும். கொழுந்தெடுக்கிறவர்கள் நடக்கிற தடத்தில்தான் போக முடியும். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தத் தடத்தில் இறங்கினேன். பின்னால் கிளை முறிகிற சத்தம் கேட்டதா, என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தமா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்து பார்த்தால் என் காலில் ஒரு செருப்பு இல்லை. மகளின் முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை.

மனைவி கதையைக் கேட்டு அழவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகளைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினாள். "இவ தலையில கையை வைங்க. இனிமே டப்பா தேடிப் போக மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். கையை வைத்துச் சொன்னேன். பிள்ளை தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதை மீறினால் மீறினவனுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்குத்தான் ஆகும்.

நாலு மாதம் போனது. ஒரு நாள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள். சத்தியம் தேடிப் போக மாட்டேன் என்றுதானே? ஒளித்து வைத்தால்? ஒளித்து வைக்கிறது தேடுகிறது ஆகாதே?

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அது ஆகாதுதான்" என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். ஒளித்து வைக்கிற இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று அந்த விளையாட்டில் கேட்பார்கள். எஸ்டேட் மேனேஜரிடம் போய் டப்பா வைக்கட்டுமா என்று எப்படிக் கேட்பேன்? வாங்கிவிட்டேன் என்று பொய்யாக டிக் அடித்தேன். கேட்டிருந்தால் ஒரு மனிதருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கஞ்சியாகிப்போன அந்தத் தாள் என் மனதில் இருந்தது. எங்கள் மலையில் ஆறு மாதம் மழை, மிச்ச நாளில் பனி. தாள் நிற்காது. ஃபிட்டருக்கு ஈரம்தான் எதிரி. அதனால் தாளே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மெஷினின் பேரிங்குக்கு அடியில் உயரம் சரிபண்ண வைக்கிற மெல்லிய பித்தளைத் தகடு உண்டு. கழித்துப் போட்டதில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு எடுத்தேன். அதில் கூரான கம்பியால் மேலே இடத்தின் எண்களைக் கீறினேன், கீழே எங்கள் மூன்று பேர் பெயரையும் கீறினேன். வருகிறவர்கள் மிச்ச இடத்தில் தங்கள் பெயரைக் கீறிக்கொள்ளட்டும் என்று ஒரு ஆணியையும் வைத்தேன். மகள் தன் பங்குக்கு இரண்டு சாமான் போட்டாள்: விரலளவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்று, அவள் தலையில் மாட்டியிருந்த கிளிப் ஒன்று. எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, ஒர்க்‌ஷாப்பில் மெஷின் துடைக்கிற துணியில் ஒரு துண்டை கிரீஸில் நனைத்து இறுக்கிச் சுற்றினேன். துணி சிவப்பு. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கு ரொம்பப் பெருமை.

வைத்த இடம், மூன்று ஒற்றையடிப் பாதை வந்து சேருகிற இடத்தில் பட்டுப்போன ஒரு பழைய மரத்தின் வேர்ப்பொந்து. அங்கேதான் மேலே மரக்கிளை மறைக்காமல் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைத்தது.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். பித்தளைத் தகடு. அதில் எண்கள், ஆட்களின் பெயர். ஆணி. பொம்மை. முடி ஒட்டின கிளிப். மெழுகு, எண்ணெய் கசிகிற சிவப்புத் துணி. முச்சந்தி மரம். எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈரம் ஒன்றுதான்.

மழை தொடங்கிற்று. மகள் தினமும் போனைப் பார்ப்பாள். யாரும் தேடி வந்ததாக வரவில்லை. ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். குறையும், ஏறும்.

வியாழக்கிழமை மத்தியானம், ரோலர் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். பாய்லரில் வேலை செய்கிறவர் ஓடி வந்து என் காலைத் தட்டினார். எழுந்து பார்த்தால் அவர் முகம் வெளுத்திருக்கிறது. மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போன பெண்கள் முச்சந்தி மரத்தடியில் ஒன்றை எடுத்துவிட்டார்களாம். "ஒங்க குடும்பத்துக்குச் செய்வினைத் தகடு வச்சிருக்காங்க. மூணு பேர் பேரும் போட்டிருக்கு" என்றார்.

ஓடினேன். லயத்து வாசலில் ஊரே நின்றது. நடுவில் ஒரு பேப்பர் விரித்து, அதைச் சுற்றி உப்பும் வேப்பிலையும் போட்டு, நாங்கள் அடைத்த டப்பாவைத் திறந்து சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். யாரும் கையால் தொடவில்லை. குச்சியால் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். ஆணி தனியாகக் கிடந்தது. மெஷின் எண்ணெய்க் கறை ஏறிக் கறுத்திருந்த அந்தத் தகட்டை நானும் பார்த்தேன். கம்பியால் கீறின எழுத்து கோணல்மாணலாக இருக்கும். என் கையெழுத்தே எனக்குப் பயமாக இருந்தது.

மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்: "பிள்ளையோட கிளிப்பு. முடியோட எடுத்துருக்காங்க. நம்ம என்னங்க பண்ணோம் யாருக்கு?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் என்று சொன்னால் அவளுக்குச் சத்தியம் ஞாபகம் வரும். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினேன், பிள்ளை உள்ளே காய்ச்சலில் படுத்திருக்கிறாள். தகடுதான் காரணம் என்று அவள் நினைத்தாள். சத்தியம்தான் காரணமோ என்று நான் நினைத்தேன். காய்ச்சல் மழையில் நனைந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன். பிள்ளைகளே, பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் தூரமாய்ப் போய்விடும்.

அதற்குள் ஆட்கள் அன்பாக என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் டீ கொண்டுவந்தார். இன்னொருவர், எந்த நேரமானாலும் ஜீப் எடுக்கிறேன் என்றார். பேசாமல் நின்றதை அதிர்ச்சி என்று நினைத்தார்கள். அந்த டீயைக் குடித்தேன்.

பிறகு யாரோ கேட்டார்கள், வைத்தது யாராக இருக்கும் என்று. கேட்டு முடிக்கும் முன்னாலேயே எல்லாக் கண்ணும் கடைசி வீட்டுக்குப் போனது.

கடைசி வீட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறாள். கணவர் இல்லை. மகன் திருப்பூரில். கொழுந்தெடுப்பில் அவள் கைக்கு ஈடில்லை, வாய்க்கும் ஈடில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய கோழி எங்கள் பீன்ஸ் பாத்தியைக் கிளறிவிட்டது. மனைவி கல்லெறிந்தாள். கோழிக்குக் கால் போயிற்று. அக்கா லயத்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றி, "வாயில்லாச் சீவனை அடிச்ச கை வெளங்குமா?" என்று சாபம் விட்டாள். எல்லோரும் கேட்டோம். அடுத்த வாரமே இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டார்கள். ஆனால் மண் வாரித் தூற்றியது தூற்றியதுதானே என்று இப்போது பேசினார்கள்.

போடிப் பக்கத்திலிருந்து மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாக முடிவாயிற்று. வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் தகடு வைத்தவர் முகம் அதில் தெரியும். முகம் தெரிந்துவிட்டால் அந்த ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயத்தை விட்டுப் போய்விட வேண்டும். எழுதின சட்டம் இல்லை. ஆனால் அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. போனவர்கள் திரும்பவில்லை.

எனக்கும் மையில் நம்பிக்கை உண்டு. பொய் சொல்ல மாட்டேன். என் முகம் தெரிந்துவிடுமோ என்று வெள்ளிக்கிழமை முழுக்கப் பயந்தேன். கண்ணாடியில் முகச்சவரம் செய்யக்கூட முடியவில்லை.

அக்காவின் பாடு அதைவிட மோசம். கொழுந்தெடுக்கிற வரிசையில் அவளுக்கு அடுத்த வரிசைக்காரி இடம் மாறிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக உட்கார்ந்தாள். அவள் கதவு முன்னால் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஃபேக்டரிக்குப் போகிற பாதையில் அவள் எதிரே வந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவள் வழியை மறித்து நின்றாள்.

"தம்பி, நீயுமா அப்படி நெனக்கிறே?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். இதை எழுதுகிறபோது கை நிற்கிறது. ஆனால் அப்படித்தான் போனேன். என் தலைக்குனிவை அவள் ஆமாம் என்றுதானே எடுத்துக்கொண்டிருப்பாள்?

அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவி கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசலில் நடப்பதெல்லாம் எங்கள் வீட்டில் கட்டில் வரைக்கும் கேட்கும். கம்பளிக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு மையில உங்க முகம் தெரியுமாப்பா?"

"தெரியாது. அதெல்லாம் சும்மா" என்றேன். அவளுக்காகச் சொன்னேன்.

"அப்ப யாரு முகம் தெரியும்?" என்றாள்.

இரண்டு நாளாக நான் ஒரு பயத்தை மட்டும் கட்டிக்கொண்டு அலைந்திருந்தேன். என் முகம் தெரிந்துவிடும் என்ற பயம். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நூறு பேர் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு வெற்றிலையைப் பார்த்தால் அதில் எந்த முகம் தெரியும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சாமிப் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மை போடுகிறவர் வயதில் என்னைவிடச் சின்னவர், வெள்ளைச் சட்டை. லயத்து வாசலில் பாயில் உட்கார்ந்தார். தகட்டை வாங்கிப் பார்த்ததும், இதை வைத்தவர்கள் மலையாளத்து முறை படித்தவர்கள் என்றார். அக்கா அவள் வீட்டுப் படியில் நின்றாள். ஓடவில்லை, உள்ளே போகவும் இல்லை. சேலை முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

அவர் வெற்றிலையில் மையைத் தடவினார். உற்றுப் பார்த்தார். பெண் என்றார். தனியாக இருக்கிறவள் என்றார். வாசலில் மண் தெரிகிறது என்றார். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் அக்காவின் வீட்டு நம்பரைச் சொன்னது. கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிற்று. நாலைந்து பேர் நடக்கத் தொடங்கினார்கள்.

யானை முன்னால் நின்றபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. யானைக்கு முன்னால் ஓடலாம். இங்கே ஓட இடமில்லை.

"நான்தான் வச்சேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் நின்றார்கள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் விளையாட்டைச் சொன்னேன், டப்பாவைச் சொன்னேன், ஈரத்தைச் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மை போடுகிறவர் நிதானமாக, வசியப்பட்ட ஆள் இப்படித்தான் வைத்தவர்களுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு பேசுவான் என்றார். பாய்லர்காரர் என் தோளைப் பிடித்து, "பாவம்யா, அவனுக்கே ஏறிருச்சு" என்றார். நடக்கத் தொடங்கினவர்கள் மறுபடியும் நடந்தார்கள். உண்மையைச் சொன்ன பிறகும் அது நிற்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அப்போது மகள் வெளியே வந்தாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தகட்டை யாராச்சும் வாசிங்க. நான் பாக்காமச் சொல்லுதேன்" என்றாள். திரும்பி நின்றுகொண்டு எண்களைச் சொன்னாள். பத்து என்று தொடங்கினாள், வடக்கு. எழுபத்தேழு, கிழக்கு. புள்ளி எங்கே வருகிறது, அதற்குப் பிறகு என்னென்ன எண் என்று கடைசி வரைக்கும், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. தகட்டைக் குச்சியால் நிமிர்த்தி வைத்து ஒரு பையன் சரிபார்த்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் தலை ஆடியது. பிறகு மகள் என் போனை வாங்கி அதே எண்களைப் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவனும் வேறு இரண்டு பேரும் போன் காட்டின பக்கம் போனார்கள். அது அவர்களை முச்சந்தி மரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. திரும்பி வந்து சொன்னார்கள்.

மை போடுகிறவர் பாயைச் சுருட்டினார். சிலர் சிரிக்கப் பார்த்தார்கள். சிலர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். திட்டினது நல்லது என்று தோன்றியது. கூட்டம் கலைந்தது. மனைவி மகளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் அக்காவின் வீட்டுப் படிக்குப் போனேன். உள்ளே ஒரு சாக்கு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. அவள் தப்பு பண்ணவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூட்டை கட்டியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கூட்டத்துல சொன்னதைக் கூட்டம் கேட்டுச்சு. வீடு கேக்கலை. வா, ஒவ்வொரு வீடா வந்து சொல்லு. நான் கூட நிப்பேன்."

ஒன்பதாம் வீட்டிலிருந்து தொடங்கினோம். கதவைத் தட்டுவது அவள். பேசுவது நான். தகடு வைத்தது நான், இந்த அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தெரிந்தும் மூன்று நாள் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மூன்று நாள் என்பதை விட்டுவிட்டேன். அவள் நகரவில்லை. சேர்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த கதவுக்குப் போனாள். ஒரு வீட்டில் பெரியவர் எதிரிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வீட்டில் அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து அழுதாள். அக்கா அழவில்லை, கையை மட்டும் விலக்கிக்கொண்டாள். சாணி ஊற்றினவர்கள் எந்த வீடு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் போல. அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

எங்கள் வீடு மூன்றாவது. அதைத் தாண்டி இரண்டாம் வீட்டுக்குப் போகப் பார்த்தேன். அவள் எங்கள் கதவைத் தட்டினாள்.

மனைவி திறந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அக்கா காத்திருந்தாள். சத்தியத்தை மீறினேன் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். உள்ளே மகள் இருமுகிற சத்தம் கேட்டது.

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தாள். பிறகு வாசலை விட்டு ஒரு ஓரமாக ஒதுங்கினாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கொறைஞ்சிருக்கு" என்று மனைவியிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு. நீயே போய்ச் சொல்லிட்டு வா."

போனேன்.